வயலுக்கு ஒரு கால்

போன மாதம் எங்கள் சபையில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ஒரு காலத்தில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர். கடைசி வரை அங்கேயே இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, இப்போது பென்சன் வாங்குகிறார். முதல் சோறு முடிந்து ரசம் வரும் வரைக்கும் என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார். "நீரும் அங்கனயே இருந்திருந்தா இன்னைக்கு ராஜா மாதிரி காலாட்டிக்கிட்டு இருக்கலாம்லா வே. கெடுத்துக்கிட்டீரே" என்றார்.

இதே வார்த்தையைப் பல வருஷமாகப் பல வாயால் கேட்டவன் நான். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு மோர் வாங்கிக்கொள்வேன். அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. "நான் ஒண்ணும் கெட்டுப்போகலை. நீரு உம்ம இலையப் பாத்துச் சாப்பிடும்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வேலை செய்த இடம் மாதிரி ஒரு செயற்கைக் கால் மையத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள், தங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு நாளாகிவிட்டது. அங்கே இப்போது காலைத் தொடாமலே அளவெடுக்கிற கருவி வந்திருக்கிறது. நல்ல கருவி, நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்டது கருவியைப் பற்றி அல்ல. பயமில்லாமல் எப்படி ஐயா நிரந்தர வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள். ஆக, கலியாணப் பந்தியில் இரக்கப்பட்டவருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.

முதலில் ஒன்று. பயமில்லாமல் விட்டேன் என்று யார் சொன்னது?

பள்ளிக்கூடத்தில் என் வேலை மணி அடிப்பது, தபால் கொண்டுபோவது, தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பது. கௌரவமான வேலைதான். ஒரு நாள் ஏதோ கடிதம் கொடுக்கப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பட்டறை மாதிரி ஒரு அறை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு நடுவயதுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மண்டி போட்டு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு "கையை விடுங்க" என்றார். நின்றவர் விட்டார். ஒரு எட்டு வைத்தார். வைத்துவிட்டு அப்படியே அழுதார். நான் வாசலில் நின்றவன் நின்றவன்தான். அன்றைக்குச் சாயங்கால மணியை வேறு யாரோ அடித்தார்கள். வாத்தியார்மார் ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு மணிக்கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த எட்டுதான் ஞாபகம் வந்தது. என் கையாலும் ஒரு ஆள் எழும்பி நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பெரிய ஆசை. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தப் பட்டறைக்கு உதவியாள் வேண்டும் என்று ஒரு நாள் சபையில் அறிவிப்பு வந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் வருகிற வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போகலாம். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள். என் மாமனார் வீடு தேடி வந்தார். "மாப்ள, ஊருல கால் இல்லாதவனுக்கெல்லாம் கால் குடுக்கப் போயி, எம் மக வீட்டுக் கட்டிலுக்குக் கால் இல்லாம ஆக்கிராதிய" என்றார். என் மனைவி ஜெபமணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிய பாரம்.

ஜெபித்தேன். கர்த்தர் என் பயத்தை எடுத்துப்போட்டுவிட்டுத்தான் என்னை அனுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவே இல்லை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. பயத்தை மடியில் கட்டிக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டேன். பயத்தில் அடியான் என்கிற என் பேரே கோணலாகப் போயிற்று. என் தைரியம் அவ்வளவுதான் பிள்ளைகளே.

பின்னால் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பந்தியில் இரக்கப்பட்டவர் அதைப் பிடித்துக்கொள்வார். சில வருஷங்கள் கழித்து அந்தத் திட்டமே நின்றுபோயிற்று. நடுத்தெருவில் நின்றேன். ஊரே சொன்னதுதான் நடந்தது. பிறகு தச்சநல்லூரில் ஒரு கொட்டகை பிடித்து, சொந்தமாகக் கால் செய்து கொடுத்து, ஒரு நேரம் கஞ்சியும் ஒரு நேரம் ஜெபமுமாகத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினேன். இதெல்லாம் தெரிந்திருந்தும் திரும்ப அந்த வயது வந்தால் திரும்ப அதே கோணல் கையெழுத்தைத்தான் போடுவேன்.

பட்டறைக்கு மேலாளர் மாசிலாமணி சார். அன்றைக்கு மண்டி போட்டு வார் இறுக்கியவர் அவர்தான். வேலை கற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டினேன், அச்சு மாவு குழைத்தேன், அரத்தால் ராவினேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

கால் வாங்க வந்தவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை விட உயரமான எதிலும் அவர் உட்கார மாட்டார். தரையில்தான் மண்டி போடுவார். வெட்டுப்பட்டது போக மிச்சமிருக்கும் காலுக்கு ஈரமான மெல்லிய உறையை மாட்டி, மைப்பென்சிலால் குறி வைப்பார். முட்டிச் சில்லு, அதற்குக் கீழே இருக்கும் தசைநார், முன்னெலும்பின் விளிம்பு, வெளிப்பக்கத்து எலும்பின் தலை. பிறகு எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் முக்கிச் சுற்றுவார். அது இறுகும்போது இளஞ்சூடு வரும். அந்த நேரம் இரண்டு பெருவிரலையும் முட்டிச் சில்லுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். ஜெபிக்கிறாரா அழுத்தம் பார்க்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. அந்தக் கூட்டைக் கழற்றி, உள்ளே மாவு ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். பென்சில் குறிகளும் அதில் ஒட்டி வந்திருக்கும். பாரம் தாங்குகிற இடத்தில் அச்சைச் சுரண்டுவோம், எலும்பு நோகிற இடத்தில் கொஞ்சம் மாவு சேர்ப்போம். பிறகு வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் இளக்கி அந்த அச்சின்மேல் இழுத்தால் கால் உட்காருகிற கிண்ணம் தயார். கீழே ரப்பர் பாதம்.

பாதத்தில்தான் சாருக்கு உயிர். விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தோல் நிறம் ஆளுக்கு ஆள் ஒத்துப்போக வேண்டும். சின்ன வயதில் கோயில் வாசலிலும் சர்ச் வாசலிலும் கட்டைக்கால் ஊன்றிப் பிச்சையெடுத்த மனுஷரைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "மனுஷனுக்கு மனுஷக் கால்தான். கட்டைய மாட்டி அனுப்புதவன் தச்சன், நாம தச்சன் இல்ல" என்பார். முதல் தடவை கால் போட்டு நிற்கும் முன் ஒரு சின்ன ஜெபம் செய்வார். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்வார். நான் அவரை இன்றைக்கும் என் தகப்பனுக்குச் சமமாக நினைக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அவரை எதிர்த்து நின்ற கதையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் வந்தாள். என் வயது இருக்கும். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள், ஒரு பத்துப் பதினைந்து பொம்பளைகளுக்கு அவள்தான் தலைவி. சேறடிக்கிற டிராக்டரின் இரும்புச் சக்கரத்தில் மாட்டி வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. சார் தானே அளவெடுத்து, தானே நிறம் பார்த்து, அவ்வளவு அழகான ஒரு கால் செய்து கொடுத்தார். போட்டுக்கொண்டு கம்பிக்குள் நடந்தாள், வெளியே நடந்தாள், ஆஸ்பத்திரி படிக்கட்டு ஏறி இறங்கினாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள், காலைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. என்ன ஆயிற்று என்று சார் பதறிக் கேட்டார்.

"கால் வயலுக்குள்ள நிக்கி, நான் வரப்புல கிடக்கேன். அதுக்கு அந்த எடம் பிடிச்சிப்போச்சு போல" என்றாள்.

சேற்றில் வைத்ததும் அந்தப் பாதத்தைச் சேறு கவ்விக்கொண்டது. இவள் காலைத் தூக்கினால் வார் நழுவி, கால் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. கூட வந்த பொம்பளைகள்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

சார் வாரை மாற்றிப் பார்த்தார். இடுப்புக்கு வார் வைத்துப் பார்த்தார். சேறு கேட்கவில்லை. அப்போது அவர் மனசார அவளுக்கு ஒரு வழி சொன்னார். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவி வாங்கித் தருகிறேன், ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொள், உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வாழ்க்கை அமைத்துக் கொடுத்திருக்கிறார்.

இசக்கியம்மாள் காலைத் திரும்பச் சாக்கில் சுற்றத் தொடங்கினாள்.

"உக்காந்து செய்யுத வேலைக்கு எனக்குக் காலே வேண்டாமே ஐயா. நான் நிக்கதுக்குல்லா கேட்டு வந்தேன்" என்றாள்.

பிசானப் பருவ நெல் நடவு தொடங்க அதிக நாள் இல்லை. அதற்குள் அவள் வயலில் இறங்காவிட்டால் அந்தப் பொம்பளைகள் வேறு ஆளோடு போய்விடுவார்கள். ஒரு தடவை போனால் போனதுதான். காலோடு அந்தத் தலைமையும் போகிற நிலைமை.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டவுன் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி என் காலையே நானே பார்த்தேன். சேற்றிலிருந்து காலை எடுக்கும்போது பாதம் மடங்கி, விரல் குவிந்து, நழுவி வருகிறது. ரப்பர் பாதம் மடங்காது, பலகை மாதிரி அப்படியே வரப் பார்க்கும். சேறு விடாது. வரப்பில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள், வாய்க்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்த எருமையைக் காட்டினாள். "அதுக்கு எவ்வளவு பாரம், பாத்தியளா அண்ணாச்சி. சேறு அதப் பிடிச்சி வைக்கலையே" என்றாள். குளம்பு அழுந்தும்போது விரிகிறது, எடுக்கும்போது ஒடுங்குகிறது. முன்பக்கம் சரிவாக இருப்பதால் சேற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "அது மாதிரி ஒண்ணு எனக்குச் செஞ்சி தாங்க" என்றாள்.

மறுநாள் சாரிடம் போய், குளம்பு மாதிரி ஒரு அடிக்கட்டை செய்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மறைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "ஒரு பொம்பளைக்கு மாட்டுக் காலு வைக்கப் போறியா? ஊரு அவளை என்ன சொல்லிக் கூப்பிடும்னு நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"அவளே கேக்குதா ஐயா."

"இந்தப் பட்டறையில அது நடக்காது."

"சரிங்கய்யா. வெளிய வச்சிச் செய்யுதேன்" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

அவர் ராவிக்கொண்டிருந்த அச்சைக் கீழே வைத்தார். என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் முடிகிறது, புதுப்பிக்கச் சொல்லி எழுத வேண்டியவர் தான்தான் என்று சொன்னார். மிரட்டிச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

சாயங்காலம் வீட்டு ஜெபம் முடிந்ததும் ஜெபமணியிடம் சொன்னேன். பள்ளிக்கூட வேலையை விட்டபோது வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

"மணி அடிக்கதுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்னுதான அங்கயிருந்து வந்திய. இங்கயும் ஒருத்தர் சொல்லட்டும்னு காத்திருக்கதா இருந்தா அங்கனயே இருந்திருக்கலாம்லா? போங்க, போயி அந்தப் பொம்பளைக்கு வழியப் பாருங்க" என்றாள்.

"வேலை போயிட்டா?"

"போனா நானும்தான் இருக்கேன். எனக்கு ரெண்டு கையி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தச்சநல்லூரில் டயர் ஒட்டுகிற அண்ணாச்சி ஒருவர். அவர் கடையில்தான் குளம்பு பிறந்தது. பழைய லாரி டயரை அடுக்கி, ஒட்டி, சூட்டில் வேகவைத்து, நடுவில் பிளந்து, முன்பக்கத்தைச் சரிவாகச் சீவினேன். "ஏ அடியான், எருமைக்குச் செருப்பு தைக்கியா?" என்று கடைக்கு வந்தவனெல்லாம் கேட்டான். முதலில் செய்தது ரொம்பச் சின்னது, சேற்றுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அடுத்ததை அகலமாகச் செய்தேன். சார் செய்த கிண்ணத்தின் அளவுக்கே இன்னொரு குழாயை இளக்கி, அதன் அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் குளம்பை முடுக்கினேன்.

நடவு தொடங்குகிற அன்றைக்கு நேராக வயலுக்கே கொண்டுபோனேன். பொம்பளைகள் எல்லாரும் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். கட்டுக் கட்டாக நாற்று முடி வந்து இறங்கியிருந்தது. இசக்கியம்மாள் வரப்பில் உட்கார்ந்து காலை மாட்டினாள். ஒருத்தி, "ஏ இசக்கி, குளம்பு வந்தாச்சி, இனிமே பாலும் கறப்பியா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"கறந்தா மொத தம்ளர் ஒனக்குத்தான்ட்டி, வாயத் தொறந்து வையி" என்றாள் இசக்கியம்மாள். வாய் அப்படிப் பேசியதே தவிர அவள் கை வரப்பு மண்ணை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பைய என்னிடம் திரும்பி, "நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

நிற்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்போ ரெண்டு பேருக்கும் தெரியாது. பொறவு நீரு மட்டும் வரப்புல நின்னா எப்படி? எறங்கும் வே" என்றாள்.

இறங்கினேன். அவளும் இறங்கினாள். ஒரு எட்டு. குளம்பு அழுந்தியது. தூக்கினாள். வந்தது. இன்னொரு எட்டு, அதுவும் வந்தது. வயலின் அந்தக் கோடி வரை நேராக நடந்தாள். நான் ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நாற்று முடியைக் கையில் வாங்கிக் குனிந்து நடத் தொடங்கினாள். இரண்டு கைப்பிடி நட்டிருப்பாள். கால் வரவில்லை. இழுத்தாள். அப்படியே பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நாற்று சிதறிப்போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. தூக்கிவிட்டோம், மறுபடி குனிந்தாள், மறுபடி விழுந்தாள். நடக்கும்போது வருகிற கால் நடும்போது ஏன் வரவில்லை என்று எனக்குப் புத்தி எட்டவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

அப்போதுதான் வரப்பிலிருந்து குரல் வந்தது. "அடியான், திருப்பி மாட்டு."

மாசிலாமணி சார். வெள்ளைச் சட்டையோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில், பஸ் ஏறி வந்து நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"நட்டுக்கிட்டு யாராவது முன்னால போவாங்களாலே? பின்னாலல்லா போகுதாங்க. சரிவு முன்னால இருக்கு, நிமிந்த பக்கம் சேத்துல முட்டுது. திருப்பி மாட்டு" என்றார்.

நான் செய்த காலெல்லாம் முன்னால் நடக்கிறவர்களுக்குச் செய்த கால். குனிந்து பின்னால் போகிறவளுக்கு அளவெடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுக்கப் போனேன், கையெல்லாம் சேறு, வழுக்கியது. சார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். வந்து, பட்டறைத் தரையில் எப்படி மண்டி போடுவாரோ அப்படியே சேற்றில் மண்டி போட்டார். வேட்டி முங்கிப்போயிற்று. ஸ்பேனரை வாங்கி, போல்ட்டைத் தளர்த்தி, குளம்பைத் திருப்பி, முடுக்கினார். பிறகு வழக்கம்போல அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

"சீக்கிரம் கும்பிடுங்க ஐயா, நாத்து வாடுது" என்றாள்.

ஆமென் சொல்லி எழும்பினார். குளம்பை ஒரு தடவை பார்த்தார். "அழகா இல்லை" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

"அழகுக்கு நீங்க தந்த கால் வீட்டுல இருக்குல்லா. கோயில் கொடைக்கும் கலியாணத்துக்கும் அதைப் போட்டுக்கிடுவேன். இது வேலைக்கு" என்றாள் இசக்கியம்மாள். "போனது ஒண்ணு, வந்தது ரெண்டு ஐயா. எவளுக்குக் கிடைக்கும்?"

சார் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். என் பக்கம் திரும்பி, சாயங்காலம் இந்தக் குளம்பின் அளவைப் பட்டறையில் வந்து எழுதி வைத்துவிடு, அடுத்த வருஷமும் யாராவது கேட்டு வருவார்கள் என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இசக்கியம்மாள் நாற்று முடியை வாங்கிக் குனிந்தாள். நட்டாள். காலைப் பின்னால் எடுத்தாள், வந்தது. மறுபடி நட்டாள், மறுபடி வந்தது. பக்கத்தில் பொம்பளைகள் வரிசை பிடித்தார்கள். வரிசை மொத்தமும் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டே எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. சாரும் நானும் வயலுக்கு நடுவில் அவளுக்கு நேர் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை.

அவள் நிமிரவில்லை, திரும்பவும் இல்லை. நட்டுக்கொண்டே சத்தம் கொடுத்தாள்.

"பொறத்தால நிக்கவங்க வெலகுங்க. எனக்கு முதுகுல கண்ணு கெடையாது, நான் வந்துக்கிட்டே இருப்பேன்."

நாங்கள் இரண்டு பேரும் அவசரமாக வரப்பேறினோம்.